கண்கண்ட கரி

பழந்தமிழில் சாட்சிக்குக் ‘கரி’ என்று பெயர். வள்ளுவரும் இச்சொல்லை ஆண்டுள்ளார். நேரில் கண்டவன் உரைப்பதற்கு அறங்கூறு அவையத்தில் அன்று இருந்த மதிப்பு இன்றும் குன்றவில்லை. ஆயினும் கண்டவன் மறந்துவிடக்கூடும், அஞ்சி நாப்பிறழக்கூடும், விலைபோகவும் கூடும். இக்குறைகள் மிகக் குறைந்த கரி ஒன்றை அறிவியல் நம் கையில் தந்துள்ளது. அதுவே நிழற்படக் கருவி. ஒரு காலத்தில் செல்வர் வீட்டுத் திருமணங்களில் மட்டுமே காணப்பட்ட அக்கருவி, இன்று கைப்பேசியின் உள்ளே ஒடுங்கி, கட்டடத் தொழிலாளியின் சட்டைப்பையிலும் இருக்கின்றது. பொதுத்தெருவில் நின்று அதனை உயர்த்தும் குடிமகனை நோக்கி, “எடுக்காதே” என்று ஆணையிடக் காவலருக்கு அதிகாரம் உண்டா? இவ்வினாவுக்கு விடைகாண நாம் முதலில் இலண்டன் மாநகருக்குச் செல்ல வேண்டும். நம் காவல் சட்டங்கள் பலவற்றின் வேர் அங்கிருப்பதால் மட்டுமன்று; இவ்வழக்கு அங்கேதான் முழுமையாக வாதிடப்பட்டு முடிவும் கண்டது.

2003ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள். இலண்டனின் கிழக்கே, பழைய துறைமுகப் பகுதியில் படைக்கலக் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. அதனை எதிர்த்து அறப்போராட்டம் செய்ய வந்தோரில் கெவின் கில்லன் என்ற மாணவரும், போராட்டத்தைப் படம்பிடிக்க வந்தோரில் பென்னி குவிண்டன் என்ற பெண் செய்தியாளரும் இருந்தனர். இருவரையும் காவலர் தனித்தனியே நிறுத்திச் சோதித்தனர். செய்தியாளர் தம் அடையாள அட்டையைக் காட்டிய பின்னரும், படம்பிடிப்பதை நிறுத்துமாறு பணிக்கப்பட்டார். சோதனை ஐந்து நிமிடம் நடந்ததாகக் காவல் பதிவேடு கூறியது. அது முப்பது நிமிடம் போலத் தோன்றியதாக அப்பெண்மணி கூறினார். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். சோதிப்பவனுக்கும் சோதிக்கப்படுபவனுக்கும் காலம் ஒரே அளவாய் ஓடுவதில்லை அல்லவா?

அவர்கள் மீது என்ன ஐயம்? ஒன்றுமில்லை. ஐயமே தேவையில்லை என்பதுதான் சட்டம். 2000ஆம் ஆண்டின் பயங்கரவாதச் சட்டம், 44ஆம் பிரிவின்படி, உயர் காவல் அதிகாரி ஒருவர் ஒரு வட்டாரத்தைக் குறித்து ஆணை பிறப்பித்துவிட்டால், அங்கே செல்வோர் எவரையும் காரணமின்றி நிறுத்திச் சோதிக்கலாம். ஆணையின் ஆயுள் 28 நாள். வழக்கு நீதிமன்றம் ஏறிய பின்னரே மக்களுக்கு ஓர் உண்மை தெரிய வந்தது. 2001 பிப்ரவரி முதல் இலண்டன் காவல் எல்லை முழுவதும் அவ்வாணையின் கீழ்தான் இருந்து வந்துள்ளது; 28 நாள் முடியுந்தோறும் ஆணை புதுப்பிக்கப்பட்டு வந்துள்ளது. பெருங்கேட்டுக்கென்று ஆக்கப்பட்ட தற்காலிக அதிகாரம் ஓசையின்றி நாள்தோறும் வழங்கும் அதிகாரமாகிவிட்டது. நகரமக்கள் அதனை அறியாமலே நடமாடிக்கொண்டிருந்தனர்.

இவ்வதிகாரத்தின் சுமை எவர் தோளில் மிகுதியாக விழுந்தது என்று சொல்ல வேண்டுவதில்லை. கறுப்பினத்தாரும் ஆசிய மரபினரும் தம் தொகைக்கு மிஞ்சிய அளவில் நிறுத்தப்பட்டனர். முகமும் தாடியும் நிறமுமே ஐயத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. பயங்கரவாதச் சட்டங்களை ஆய்ந்து வந்த கார்லைல் பிரபு, இப்பிரிவின் கீழ் நடந்த பல்லாயிரம் சோதனைகளில் ஒன்றுகூடப் பயங்கரவாதக் குற்றத் தண்டனையில் முடியவில்லை என்று எழுதினார். பின்னர் வந்த அறிக்கையொன்றில், இனக்கணக்கைச் சமன்செய்யும் பொருட்டே ஐயத்திற்குச் சற்றும் இடமில்லாதோரும் சோதிக்கப்படுவதாகக் குறைகூறினார். ஓர் அநீதியை மறைக்க மற்றோர் அநீதி! 2008-09ஆம் ஆண்டில் மட்டும் இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட சோதனைகள் நடந்தன. கட்டடங்களையும் பாலங்களையும் படமெடுத்த கலைஞர்களும் சுற்றுலா வந்தோரும் தெருவிலே விடைசொல்லி நின்றனர்.

இது போதாதென்று 2009 பிப்ரவரி 16ஆம் நாள் 58அ என்னும் புதிய பிரிவு நடைமுறைக்கு வந்தது. காவலர், படைவீரர், உளவுத்துறையினர் ஆகியோரைப் பற்றிப் பயங்கரவாதிக்குப் பயன்படத்தக்க செய்தியைத் திரட்டுதல் பத்தாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்றது அது. படமெடுத்தல் என்ற சொல் அதில் இல்லை. தக்க காரணம் காட்டித் தப்பவும் அதில் வழியுண்டு. ஆனால் காரணம் காட்டுவது நீதிமன்றத்தில். கருவி பறிபோவது தெருவில். காவலரின் முகத்தைப் படமெடுப்பதே குற்றம் என்று காவலரும் கருதத் தலைப்பட்டனர், மக்களும் அஞ்சத் தலைப்பட்டனர். நிழற்படக் கலைஞர்கள் அன்றே காவல் தலைமையகத்தின் முன் கூடித் தம் கருவிகளை உயர்த்தி எதிர்ப்பைக் காட்டினர்.

ஆறு வாரம் சென்றது. ஏப்ரல் 1ஆம் நாள், உலகத் தலைவர்கள் இலண்டனில் கூடிய வேளையில், நகரின் நடுவே பெரும் போராட்டம். அதில் தொடர்பேதும் இல்லாத இயன் டாம்லின்சன் என்ற 47 வயதுச் செய்தித்தாள் விற்பனையாளர் தம் இருப்பிடம் நோக்கி நடந்துகொண்டிருந்தார். சற்று நேரத்தில் சாலையில் விழுந்து உயிர்நீத்தார். மாரடைப்பு என்றது முதல் பிணக்கூறாய்வு. அவருக்கு உதவ முயன்ற காவலர்மீது கூட்டத்தினர் புட்டிகளை வீசினர் என்று காவல்துறையின் அறிக்கை உரைத்தது. செய்தி அத்துடன் புதைந்திருக்கும். நியூயார்க்கிலிருந்து அலுவல் நிமித்தம் வந்திருந்த ஒருவர் தம் கையடக்கக் கருவியில் எடுத்திருந்த படம் ‘கார்டியன்’ நாளிதழுக்கு வந்து சேர்ந்தது. ஏப்ரல் 7ஆம் நாள் வெளியாயிற்று. கைகளைச் சட்டைப்பையில் இட்டவாறு, காவலருக்கு முதுகைக் காட்டி நடந்து செல்லும் மனிதரை, ஒரு காவலர் பின்னிருந்து தடியால் அடித்துத் தள்ளுவதை உலகம் கண்டது. மீண்டும் கூறாய்வு நடந்தது. உடலினுள் ஏற்பட்ட குருதிப்பெருக்கே இறப்பின் காரணம் என்றாயிற்று. 2011 மே மாதம், இது சட்டத்திற்குப் புறம்பான கொலை என்று இறப்பு விசாரணைக் குழுவினர் முடிவு கூறினர். 2012இல் குற்றவியல் வழக்கில் அக்காவலர் விடுவிக்கப்பட்டார் என்பதையும், பின்பு கடும் ஒழுங்கீனத்திற்காகப் பணிநீக்கம் செய்யப்பட்டார் என்பதையும் சேர்த்தே சொல்லுதல் முறை. படம் ஒன்றே நீதியைப் பெற்றுத் தந்துவிடாது. ஆனால் அப்படம் இல்லையெனின் விசாரணைக்கே இடமிருந்திராது. படமெடுத்த அந்த வெளியூராரை அன்று ஒரு காவலர் மறித்து, “அதை அழித்துவிடு” என்று சொல்லியிருந்தால்?

2010 சனவரி 12ஆம் நாள், ஸ்ட்ராஸ்பர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், கில்லன், குவிண்டன் வழக்கில் தீர்ப்புரைத்தது. நாட்டின் உச்ச நீதி அமைப்பாயிருந்த பிரபுக்கள் அவை 2006இல் தள்ளிய வழக்கு அது. எல்லையற்ற இவ்வதிகாரம் தனிமனித வாழ்வின் மதிப்பிற்கான உரிமையை மீறுகிறது என்றது நீதிமன்றம். பதினொரு நாள் கழித்து டிராபல்கர் சதுக்கத்தில் நிழற்படக் கலைஞர்கள் திரளாகக் கூடினர். தாங்கள் பயங்கரவாதிகள் அல்லர் என்று அட்டை பிடித்து அறிவிக்க நேர்ந்த அவர்தம் நிலையை எண்ணிப் பாருங்கள். அவ்வாண்டு சூலையில், காரணமின்றித் தனிமனிதரைச் சோதிப்பதை உள்துறை அமைச்சர் தெரசா மே நிறுத்திவைத்தார். 2012இல் 44ஆம் பிரிவே நீக்கப்பட்டது.

“பயங்கரவாதி இடத்தைப் படமெடுத்து நோட்டம் பார்ப்பானே, அதற்கு என் செய்வது?” என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். 2005 சூலை 7ஆம் நாள் அதே இலண்டனில் 52 அப்பாவிகள் கொல்லப்பட்டதை மறந்து பேசுதல் அறமன்று. ஆனால் இதற்கு விடை அச்சட்டத்திலேயே உள்ளது. நியாயமான ஐயம் இருக்குமாயின் 43ஆம் பிரிவின்படி ஒருவரை நிறுத்தலாம். கருவியில் உள்ள படங்களைப் பார்க்கலாம். சான்றாகத் தோன்றுவதைக் கைப்பற்றலாம். அப்போதுங்கூடப் படத்தை அழிக்கும் அதிகாரம் காவலருக்கு இல்லை என்று இலண்டன் காவல்துறையின் வழிகாட்டுரையே கூறுகின்றது. ஐயத்திற்குக் காரணம் சொல்லும் கடப்பாடு ஒன்றே நாம் வேண்டுவது.

பெண்டிரையும் சிறாரையும் படமெடுப்போர் குறித்த கவலையும் உண்டு. அது நேர்மையான கவலை. ஒரு பெண்ணின் தனிமையை மறைந்திருந்து படம்பிடிப்பது நம் நாட்டில் 2013 முதல் தனிக் குற்றம். விபத்தில் துடிப்பவனுக்குத் தண்ணீர் கொடாமல் கைப்பேசியை உயர்த்தி நிற்பவனை நானும் வெறுக்கிறேன். ஆயினும் மானம் காக்கும் சட்டத்தைக் காவலர் தம் முகத்திரையாக ஆக்கிக்கொள்ள இடந்தருதல் ஆகாது. பொதுவிடத்தில், அரசின் சீருடையில், அரசின் அதிகாரத்தைச் செலுத்துபவர் தனிமனிதர் அல்லர்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1911ஆம் ஆண்டு, செருமானிய உளவாளிகள் பற்றிய பீதியின் நடுவே, பிரித்தானிய மக்களவை ஒரே பிற்பகலில் அலுவல்முறை இரகசியச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் சாயலில் 1923இல் ஆங்கில அரசு இந்தியாவிற்கும் ஒன்றைச் செய்து தந்தது. ‘தடைசெய்யப்பட்ட இடம்’ என்ற தொடர் அதன்வழி வந்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பிரித்தானியர் 2023ஆம் ஆண்டின் புதிய பாதுகாப்புச் சட்டத்தால் நீக்கிவிட்டனர். தடைசெய்யப்பட்ட இடம் என்னும் கருத்து புதியதிலும் உண்டு என்பது வேறு செய்தி. நம்மிடமோ 1923ஆம் ஆண்டுச் சட்டமே இன்றும் ஆள்கின்றது.

அது எவ்வாறெல்லாம் வளைக்கப்படுகிறது என்பதற்கு மகாராட்டிர மாநிலம் வார்தாவில் நடந்தது சான்று. 2018இல் அண்டைவீட்டுத் தகராறு ஒன்றிற்காகக் காவல் நிலையம் சென்றவர், அங்கு நடந்த உரையாடலைக் கைப்பேசியில் பதிந்தார். அவர்மீது நாட்டின் இரகசியத்தைக் காக்கும் இச்சட்டம் பாய்ந்தது! சட்டம் வகுத்துள்ள தடைசெய்யப்பட்ட இடங்களின் விளக்கத்தில் காவல் நிலையம் அடங்காது என்று கூறி, 2022இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாகபுரி அமர்வு வழக்கைத் தள்ளியது. குறை சொல்ல வருபவனுக்குக் காவல் நிலையம் மறைவிடமாகிவிட்டால் அவன் எங்கே செல்வான்?

காவல் நிலையத்திலேயே கருவி உண்டே என்பர். உண்டு, உச்ச நீதிமன்றமும் 2020 திசம்பரில் எல்லாக் காவல் நிலையங்களிலும் கண்காணிப்புக் கருவி பொருத்த வேண்டுமென ஆணையிட்டது. அவ்வாண்டு சூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, அந்நிலையத்தில் கருவி இருக்கத்தான் செய்தது. பதிவுகள் நாள்தோறும் தாமே அழியும்படி அது அமைக்கப்பட்டிருந்ததை, விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்திற்கு எழுதினார். காவலர் கையிலுள்ள கருவி காவலருக்கு எதிராகக் கரி கூறும் என்று நம்பியிருப்பது, பூனையிடம் பாலுக்குக் கணக்குக் கேட்பது போன்றது.

ஆதலின் குடிமகன் கையிலுள்ள கருவிக்குச் சட்டத்தின் காப்பு வேண்டும். நம் நாட்டுக் காவலர் குற்றத்தொடர்பு ஐயத்தின்பேரில் ஒரு கைப்பேசியைக் கைப்பற்றலாம். கைப்பற்றியதை நடுவருக்கு அறிவித்தாக வேண்டும். உள்ளிருக்கும் படத்தை அழிக்குமாறு தெருவில் மிரட்ட எந்தச் சட்டமும் இடந்தரவில்லை. மாணவர்கள் இதனைத் தெரிந்து வைத்திருத்தல் நன்று. ஆனால் தெரிந்து வைத்திருப்பவன் தடியின் முன் எவ்வளவு நேரம் வாதாட இயலும்? சட்டம் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

சொல்லியிருக்கும் மாநிலம் தொலைவில் இல்லை. 2011ஆம் ஆண்டின் கேரளக் காவல் சட்டத்தில் 33ஆம் பிரிவு இருக்கின்றது. பொதுவிடத்து நிகழ்வுகளைக் காவல்துறை பதிவு செய்யலாம் என்று தொடங்கும் அப்பிரிவு, காவலரின் செயலைப் பொதுமக்கள் சட்டப்படி ஒலியாகவோ படமாகவோ பதிவு செய்வதை எந்தக் காவலரும் தடுத்தல் ஆகாது என்று அடுத்த உட்பிரிவிலேயே உரைக்கின்றது. அவ்விரண்டாம் உட்பிரிவு ஒவ்வொரு மாநிலத்தின் காவல் சட்டத்திலும் ஏறவேண்டும் என்பதே இக்கட்டுரையாளன் சட்டமன்றத்தார் முன் வைக்கும் விண்ணப்பம்.