எதிரணியின் தோள்கள்

விளையாட்டில் காயமுற்றவருக்குச் சொந்த அணியினர் கைகொடுப்பது இயல்பு. 2008 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து எலன்ஸ்பர்க் நகரில் நடந்ததோ வேறு.

வெஸ்டர்ன் ஓரிகன் பல்கலைக்கழகத்தின் சாரா டுகோல்ஸ்கி, இருவர் தளங்களில் நின்றிருந்த வேளையில் பந்தை வேலிக்கு அப்பால் அடித்தார். கல்லூரி வாழ்வில் அவருடைய முதல் ஹோம் ரன் அது. கிரிக்கெட் சிக்சரைப் போல் அடித்தவுடன் ஓட்டம் சேர்ந்துவிடுவதில்லை; சாப்ட்பாலில் எல்லாத் தளங்களையும் தொட்டாக வேண்டும். முதல் தளத்தைத் தொடாமல் கடந்ததை உணர்ந்து திரும்பியபோது வலது முழங்காலின் தசைநார் கிழிந்தது. தவழ்ந்துபோய்த் தளத்தைப் பற்றிக்கொண்டார்.

சொந்த அணியினர் தொட்டால் ஆட்டமிழப்பு. மாற்று வீராங்கனை வந்தால் ஹோம் ரன் கணக்கில் வராது என்றனர் நடுவர்கள். (அவ்விளக்கம் தவறென்பது பின்னர் தெரிந்தது.) அப்போது, தாங்கள் தூக்கிச் செல்லலாமா எனக் கேட்டவர் எதிரணியான சென்ட்ரல் வாஷிங்டனின் மாலரி ஹோல்ட்மன். அவரும் லிஸ் வாலஸும் சாராவைச் சுமந்து, ஒவ்வொரு தளத்திலும் இடது காலைத் தாழ்த்தித் தொடச் செய்தனர். 4–2 எனத் தோற்றது சுமந்தவர்களின் அணி. ஹோல்ட்மனுக்கோ அது இறுதியாண்டு.

பிள்ளையை மைதானத்திலிருந்து அழைத்துவரும் புலம்பெயர் தமிழ்ப் பெற்றோர் பலர், கார்க் கதவு மூடுமுன்னரே கேட்பது வெற்றியா, எத்தனை புள்ளி என்பதையே. பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு உதவும் என்ற கணக்கும் அதிலுண்டு. எதிரணிச் சிறுமி விழுந்தபோது தம் மகள் நின்றாளா, ஓடினாளா என்பது கேட்கப்படுவதேயில்லை. இந்த வாரமே கேட்கத் தொடங்கலாம்.