நிரற்கருவி செய்வோருக்கு ஒரு விண்ணப்பம்

கணினிக்கு நிரல் எழுதுவோர்க்கு உதவும் கருவிகளைத் தாமே புதிதாய் இயற்றவேண்டுமென்னும் ஆவல் நமது கலாசாலை மாணவரிடையே நாளுக்குநாள் பெருகிவருதல் கண்டு மகிழ்கின்றோம். ஆயினும், அவ்வாவலுடன் கூடவே, ஐம்பது ஆண்டுகட்கு முற்பட்ட கட்டுரைகளும் கருவிகளும் இக்காலத்திற்கு உதவா என்பதோர் எண்ணமும் வேரூன்றியிருக்கின்றது. அது பெருந்தவறென்பது நமது அபிப்பிராயம். பிறரைக் குறைகூற இதனை எழுதவில்லை. பட்டுத் தெளிந்தே எழுதுகின்றோம்.

சென்ற ஆண்டு நாம் சிலர் கூடி, பெரியதொரு நிரலில் மாறிய பகுதிகளை மாத்திரம் மீண்டும் தொகுக்கும் கருவியொன்றைச் செய்யப் புகுந்தோம். ஒவ்வொரு கோப்பும் கடைசியாகத் திருத்தப்பட்ட நேரத்தைப் பார்த்தாற் போதுமென்று கருதினோம். இரண்டு கணினிகளின் கடிகாரங்கள் சில நிமிஷம் வேறுபட்டதும், மாறிய கோப்பை மாறாததென்று அக்கருவி தள்ளிவிட்டது. காரணம் விளங்காமல் ஒரு பருவம் முழுதும் வீணாயிற்று. அதன் பின்னரே 'மேக்' என்னும் கருவியின் வரலாற்றைப் படித்தோம். கண் கெட்டபின் சூரிய நமஸ்காரம்!

அதனை 1976-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் என்பவர் இயற்றினார். அவருடன் பணியாற்றிய ஒருவர், பிழையை முன்னமே திருத்தியிருந்தும், திருத்திய கோப்பு மீண்டும் தொகுக்கப்படாமையால், இல்லாத பிழையைத் தேடி ஒரு காலைப்பொழுதை இழந்தாராம். மேக் பிறந்ததற்கு அதுவே காரணம். கோப்புகளின் நேரத்தை ஒப்பிட்டே அது வேலை செய்கின்றது. ஆதலின், நம்மைத் திகைக்கவைத்த கடிகாரத் தொல்லை அதனைக் கையாண்டோர்க்கு நெடுநாட் பழக்கம். க்னூ திட்டத்தார் வெளியிட்ட மேக் அதைக் கண்டால் எச்சரிக்கையும் விடுக்கின்றது. 2015-இல் கூகுள் வெளியிட்ட 'பேசல்' என்னும் கருவியோ, நேரத்தை நம்பாமல் உள்ளடக்கத்தையே ஒப்பிடுகின்றது.

முன்னோர் செய்த பிழையும் நமக்குப் பாடமே. மேக்கில் ஒவ்வொரு கட்டளை வரியும் 'டாப்' எழுத்தோடு தொடங்கவேண்டும். வெற்றிடங்களை இட்டால் ஏற்காது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே போலிருக்கும். இக்குறை ஃபெல்ட்மனுக்குச் சில வாரங்களிலேயே தெரிந்தது. எனினும், அதற்குள் ஏறக்குறைய பன்னிரண்டு பேர், பெரும்பாலும் நண்பர், அதனைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டமையால், அவர்களுக்கு இடைஞ்சல் வேண்டாமென்று விட்டுவிட்டார். பன்னிருவர்மேல் வைத்த இரக்கம் பல்லாயிரவர்க்கு இன்றளவும் தலைவலியாய் நிற்கின்றது.

அக்காலத்து இயந்திரம் வேறு, இக்காலத்து இயந்திரம் வேறு என்பர். மெய்தான். ஆகவேதான், கைவிடப்பட்ட கருத்தொன்றைக் கண்டால், அது ஏன் கைவிடப்பட்டதென்று வினவவேண்டும். ஜான் மெக்கார்த்தி 1960-இல் லிஸ்ப் மொழிக்காக விவரித்த, பயனற்ற நினைவகத்தைத் தானே மீட்கும் முறை, அன்றாட வேலைக்கு மிக மெதுவானதென்று நெடுங்காலம் ஒதுக்கப்பட்டிருந்தது. 1995-இல் வந்த ஜாவா அதனை யாவர் கைக்கும் கொண்டுசேர்த்தது. 2015-இல் முதற் பதிப்பு வெளிவந்த ரஸ்ட் மொழியின் கையேடோ, எம்.எல்., சைக்ளோன் முதலிய பழைய மொழிகளிடம் தான் பெற்றவற்றைப் பட்டியலிட்டே கூறுகின்றது. கடனை ஒப்புக்கொண்டதால் அதன் புதுமை குறைந்ததென்பார் எவருமிலர்.

ஆதலின் நாம் வேண்டுவது இவ்வளவே: கருவி செய்யப் புகும் மாணவர், முதல் வரி எழுதுமுன் ஒரு மாதமாவது அத்துறையின் பழங்கட்டுரைகளைப் படிக்கவேண்டும், ஆசிரியர்கள் அம்மாதத்திற்கும் மதிப்பெண் அளிக்கவேண்டும். நமது கருவியை இப்பொழுது உள்ளடக்கத்தை ஒப்பிடுமாறு மாற்றி எழுதிவருகின்றோம். அதில் டாப் எழுத்துக்கு இடமில்லை.