செல்பேசி சொல்லும் செடியின் பெயர்

வயல் வரப்பில் ஒரு சிறு செடி. செல்பேசியில் படம் எடுத்த சில நொடிகளில் ‘பில்லாந்தஸ் அமாரஸ்’ என்கிறது செயலி. நம்மூர்க் கீழாநெல்லிதான் அது! பிளான்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகளை நீங்கள் பயன்படுத்துவதை நான் வரவேற்கிறேன். ஆனால், அவை சொன்ன பெயரை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்வதை ஒப்பமாட்டேன்.

ஏனென்று கேட்பீர்கள். பெயரிடப்பட்ட ஏராளமான படங்களைக் காட்டிச் செயலிக்குப் பயிற்சி தந்திருக்கிறார்கள். உங்கள் படத்தைப் பார்த்து, தான் அறிந்த செடிகளுக்குள் எது நெருக்கமானது என்று அது மதிப்பெண் போடுகிறது. ‘90 விழுக்காடு’ என்றால் பத்துக்கு ஒன்பது முறை சரியாக இருக்கும் என்று பொருளல்ல. அது அறியாத செடியை நீட்டினாலும், அறிந்த ஒன்றின் பெயரையே சொல்லக்கூடும். ஆய்வுக்கூடத்தில் அளவோடு பிழையையும் சேர்த்து எழுதச் சொல்லும் இயற்பியல் ஆசிரியனுக்கு இது உறுத்தாதா?

கீழாநெல்லியையே பாருங்கள். இலைகளுக்குக் கீழே நெல்லிக்காய் போன்ற சிறு காய்கள் வரிசையாகத் தொங்குவதால் வந்த பெயர் அது. அடையாளமே பெயரில் இருக்கிறது! மேலிருந்து எடுத்த படத்திலோ காய்கள் தெரிவதில்லை. அதன் உறவான பில்லாந்தஸ் யூரினேரியாவும் மேலிருந்து பார்க்க ஏறக்குறைய அப்படியே இருக்கும். கிளையைத் திருப்பினால், கீழாநெல்லியின் காய் வழவழப்பாய்ச் சிறு காம்பில் தொங்கும். மற்றதன் காய் சொரசொரப்பாய்க் கிளையோடு ஒட்டியிருக்கும். திருப்பிப் பார்க்கச் செயலிக்குக் கையில்லை. தொட்டால் சுருங்குகிறதா, கிள்ளினால் பால் வடிகிறதா, கசக்கினால் மணக்கிறதா என்பதும் அதற்குத் தெரியாது.

ஆகவே இலையின் மேற்புறம், அடிப்புறம், பூ, காய், தண்டு என்று தனித்தனியே படம் எடுங்கள். பெயருக்கு எதிரே ‘எதனால்?’ என்று எழுதி, கண்ட அடையாளங்களைக் குறியுங்கள். பாட்டியிடமும் கேளுங்கள், பல வேளைகளில் அவரே விரைவில் சொல்லிவிடுவார். ஐநேச்சுரலிஸ்டும் தன் கருவியின் சொல்லை முடிவாகக் கொள்வதில்லை. அடையாளம் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் ஒத்துப்போனால்தான் பதிவுக்கு ஆய்வுத் தரம் தருகிறது.

தின்னும் பொருளில் மட்டும் செயலியை நம்பவே வேண்டாம். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கில் கொல்சிசின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. வள்ளிக்கிழங்கு என்று எண்ணித் தின்று இறந்தவர்கள் இருக்கிறார்கள். பூக்காத காலத்தில், பற்றுக்கம்பிபோல் சுருண்ட இலை நுனிதான் அச்செடியைக் காட்டிக்கொடுக்கும். தோண்டி எடுத்த கிழங்கின் படத்தில் அந்த இலை இருப்பதில்லை.