உறைகிற வீட்டில் பிடுங்கியது லாபம்!

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பது நம் ஊர்ப் பழமொழி. நாலு பேர் தண்ணீர்க் குடத்தோடு ஓடி வருவார்கள். அந்தச் சந்தடியில் ஐந்தாவது ஆள் உத்திரக் கட்டையை உருவிக்கொண்டு நடையைக் கட்டுவான். அமெரிக்க முதலாளிகள் இந்தப் பழமொழியைத் திருத்திவிட்டார்கள். அவர்களுக்கு வீடு எரிய வேண்டியதில்லை; உறைந்தாலே போதும்!

2021 பிப்ரவரி மாதத்தில் டெக்ஸாஸ் மாநிலத்தில் நடந்ததைச் சொல்கிறோம். அமெரிக்காவிலேயே அதிகமாக எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கிற மாநிலம் அது. பூமிக்கு அடியில் எரிபொருள் சமுத்திரம். பூமிக்கு மேலே கணப்பு இல்லாமல் ஜனங்கள் விறைத்துச் செத்தார்கள். சர்க்காரின் கணக்குப்படியே செத்தவர்கள் 246 பேர். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது குளிர்.

“இயற்கையின் சீற்றம்! மனிதன் என்ன செய்ய முடியும்?” என்று கையை விரித்தார்கள். இயற்கையின் பங்கு எவ்வளவு, மனிதனின் பங்கு எவ்வளவு என்று பார்ப்போம். அந்த மனிதன் யார் என்பதையும் பார்ப்போம்.

நாலு நிமிஷம் 37 விநாடி

பிப்ரவரி நடுவில் வடக்கேயிருந்து கடுங்குளிர் இறங்கியது. டல்லாஸ் நகரத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 19 டிகிரிக்குப் போயிற்று. அந்த மாநிலத்தில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் கணப்பு மின்சாரத்தில்தான் ஓடுகிறது. ஆகவே குளிர் ஏற ஏற மின்சாரத் தேவையும் ஏறியது. அதே நேரத்தில் மின் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. குழாய்கள் உறைந்தன, அளவு காட்டும் கருவிகள் உறைந்தன, எரிவாயுக் கிணறுகளின் வாயே உறைந்து அடைத்துக்கொண்டது.

பிப்ரவரி 15 பின்னிரவில் ஆபத்து உச்சிக்கு வந்தது. மில்லில் வேலை செய்யும் தோழருக்கு இது சுலபமாக விளங்கும். சுமை மிஞ்சினால் மோட்டார் திணறும், சுழற்சி குறையும். அப்படித்தான் மாநிலத்தின் ஜெனரேட்டர்கள் எல்லாம் திணறின. விநாடிக்கு 60 சுற்று இருக்க வேண்டிய மின்னோட்டம் 59.4க்குக் கீழே விழுந்தது. அந்த நிலை ஒன்பது நிமிஷம் நீடித்தால் ஜெனரேட்டர்கள் தம்மைக் காப்பாற்றிக்கொள்ளத் தாமே கழன்றுகொள்ளும். மாநிலம் முழுவதும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட இருளில் மூழ்கும். அதற்கு நாலு நிமிஷம் 37 விநாடிதான் பாக்கி! அந்த இடைவெளியில் கட்டுப்பாட்டு அறையில் இருந்த ஊழியர்கள் சுமையை வெட்டி வெட்டி மின் அமைப்பைக் காப்பாற்றினார்கள். உச்சத்தில் அவர்கள் வெட்டியது 20,000 மெகாவாட். கோடையின் உச்சத்தில் தமிழ்நாடு முழுமைக்கும் வேண்டியிருக்கும் மின்சாரம் ஏறத்தாழ அவ்வளவு.

அந்த மின்வெட்டை நாம் குறை சொல்லவில்லை. கை அழுகினால் உயிரைக் காக்கக் கையை வெட்டத்தான் வேண்டும். நாம் கேட்பதெல்லாம், கையை அழுக விட்டவன் யார் என்பதுதான்.

முறைவைத்துக் கொஞ்ச நேரம் வெட்டுவோம் என்றார்கள். ஆனால் வெட்ட வேண்டிய அளவு மிஞ்சிப்போனதால் முறை மாற்றவே வழியில்லை. அணைந்த வீடு அணைந்தபடியே நாள்கணக்கில் கிடந்தது. 45 லட்சம் வீடுகளும் கடைகளும் இருண்டன. அதே இரவில் பெரு நகரங்களின் நடுவிலே ஆளில்லாத ஆபீஸ் மாடிகள் ஜெகஜ்ஜோதியாக நின்ற காட்சியை உலகமே படத்தில் பார்த்தது. “ஆஸ்பத்திரி இருக்கிற லைன், அதனால் அணைக்க முடியவில்லை” என்று சமாதானம் சொன்னார்கள். இருக்கட்டும். ஆளில்லாத மாடிக்கு வெளிச்சம், குழந்தை இருக்கிற வீட்டுக்கு இருட்டு என்று கம்பி இழுத்து வைத்ததும் இயற்கைதானா? சூடு தேடி வீட்டுக்குள் கரி மூட்டியவர்களும், அடைத்த கொட்டகையில் மோட்டார் காரை ஓடவிட்டு உட்கார்ந்தவர்களும் விஷப்புகையில் மாண்டார்கள். குழாய்கள் வெடித்தன. ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நல்ல குடிதண்ணீர் இல்லை.

முன்பே சொன்னார்கள், கேட்கவில்லை

இது எதிர்பாராத விபத்தா? இல்லை. 1989 டிசம்பரிலும் இதே டெக்ஸாஸில் குளிரால் மின் நிலையங்கள் நின்றன. 2011 பிப்ரவரியில் மறுபடியும் நின்றன. லட்சக்கணக்கான வீடுகள் இருண்டன. அந்த வருஷமே மத்திய சர்க்காரின் விசாரணை அறிக்கை வந்தது. குழாய்களுக்கு உறை போடுங்கள், சூடேற்றும் கம்பி சுற்றுங்கள், காற்றுத் தடுப்பு எழுப்புங்கள் என்று அது சொன்னது. இதெல்லாம் சந்திர மண்டலத்து வித்தை அல்ல. டெக்ஸாஸை விடப் பல மடங்கு குளிரான வட மாநிலங்களில் மின் நிலையங்கள் குளிர்காலம் பூராவும் இப்படித்தான் ஓடுகின்றன.

ஏன் செய்யவில்லை? கட்டாயம் இல்லை, அதனால் செய்யவில்லை. உறை போட்டால் செலவு; போடாவிட்டால் அது லாபத்தில் சேரும். பத்து வருஷத்துக்கு ஒரு தரம் வருகிற குளிருக்காக எந்த முதலாளி பணப்பையைத் திறப்பான்?

அதே மாநிலத்தின் மேற்குக் கோடியில் எல் பாசோ என்ற நகரம் இருக்கிறது. 2011இல் பட்ட அடியிலிருந்து அது பாடம் படித்தது. மின் நிலையங்களைக் குளிருக்குத் தயார் செய்தது. மேற்கு மாநிலங்களின் மின் அமைப்போடும் அது இணைந்திருக்கிறது. 2021இல் அங்கே விளக்கு ஏறக்குறைய அணையவே இல்லை. டெக்ஸாஸின் மற்றப் பெரும் பகுதியோ, மத்திய சர்க்காரின் கட்டுப்பாடு தங்கள் மேல் விழக்கூடாது என்பதற்காகவே அண்டை மாநிலங்களோடு சேராமல் தனிக்கம்பி போட்டு நிற்கிறது. அண்டை வீட்டில் விளக்கு எரிந்தாலும் வேண்டிய அளவு கடன் வாங்க வழியில்லை. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் “சுதந்திரம்”. முன்னாள் கவர்னர் ரிக் பெர்ரி அந்த வாரமே என்ன சொன்னார் தெரியுமா? மத்திய சர்க்கார் உள்ளே நுழையாமல் இருக்க டெக்ஸாஸ் மக்கள் மூன்று நாளுக்கு மேலும் கரண்ட் இல்லாமல் இருப்பார்களாம்! இருந்தவர்கள் இருந்தார்கள், 246 பேர் இல்லாமலே போனார்கள்.

அவசர ஆணை யாரைக் காத்தது?

இனி அவசர நடவடிக்கைகளைப் பார்ப்போம். பிப்ரவரி 14 அன்று மத்திய சர்க்கார் 1935ஆம் வருஷத்து மின்சாரச் சட்டத்தைக் கையில் எடுத்து, புகை வரம்பைத் தாண்டியும் மின் நிலையங்களை ஓட்டலாம் என்று அனுமதி கொடுத்தது. உயிர் பெரிது, அதை விட்டுவிடுவோம். பிப்ரவரி 17 அன்று கவர்னர் கிரெக் அபாட், எரிவாயுவை வெளி மாநிலத்துக்கு விற்கக் கூடாது என்றார். குதிரை ஓடிப்போன பிறகு லாயத்தைப் பூட்டினார், அதையும் விட்டுவிடுவோம்.

விட முடியாத ஆணை ஒன்று உண்டு. பிப்ரவரி 15 அன்று, ஜனங்கள் இருளில் நடுங்கிக்கொண்டிருந்த அன்று, மாநில மின்சாரக் கமிஷன் அவசரமாகக் கூடியது. கமிஷனர்கள் மூன்று பேர். மூவரும் கவர்னர் நியமித்தவர்கள். இவர்கள் கண்ட பெரும் ஆபத்து என்ன? மொத்தச் சந்தையில் ஒரு மெகாவாட்-மணி மின்சாரத்தின் விலை 1,200 டாலர் வரைக்கும் இறங்கிவிட்டதாம்! இவ்வளவு பஞ்சத்தில் இது அடாத குறைச்சல் என்று சொல்லி, விலையை உச்சவரம்பான 9,000 டாலரில் நிறுத்தும்படி உத்தரவு போட்டார்கள்.

9,000 டாலர் என்றால் ஒரு யூனிட்டுக்கு 9 டாலர். அன்றைய மாற்று விலையில் ஏறத்தாழ 650 ரூபாய்! சாதாரண நாளில் அதே யூனிட் இரண்டு மூன்று சென்ட். நம் காசில் இரண்டு ரூபாய் சுமார். முந்நூறு மடங்கு!

கமிஷன் சொன்ன நியாயம் என்ன? விலை ஏறினால் உற்பத்தி ஏறுமாம். தோழர்களே, நெல் விலை ஏறிவிட்டது என்று சொன்னால் காய்ந்த வயல் கதிர் தள்ளுமா? உறைந்து அடைத்த கிணற்றுக்கு டாலர் பாஷை தெரியுமா? ஓட முடிந்த மின் நிலையம் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஓட முடியாதது 9,000 டாலருக்கும் ஓடவில்லை. 90,000 டாலர் என்றாலும் ஓடியிராது. விலை ஏறியதால் சூடேறியது முதலாளியின் பணப்பெட்டி ஒன்றுதான்.

கூத்து அதோடு நிற்கவில்லை. பிப்ரவரி 17 நள்ளிரவோடு கட்டாய மின்வெட்டு முடிந்தது. விலையோ 19ஆம் தேதி காலை வரைக்கும் அதே 9,000 டாலரில் நின்றது. பஞ்சம் முடிந்தும் பஞ்ச விலை! இந்த 32 மணி நேரத்தில் மட்டும் 1,600 கோடி டாலர் அதிகமாக விதிக்கப்பட்டது என்று, சந்தையைக் கண்காணிக்க அந்த மாநிலமே அமர்த்திய நிறுவனம் முதலில் கணக்குக் கொடுத்தது. விலையைத் திருத்துங்கள் என்றது. கமிஷன் மறுத்தது. மாநில மேல்சபை திருத்தச் சொல்லி மசோதா நிறைவேற்றியது. கீழ்சபை அதைக் கிடப்பில் போட்டது. கமிஷன் தலைவரோ, கவலைப்பட வேண்டாம், பணம் திரும்பப் போகாமல் பார்த்துக்கொள்கிறேன் என்ற பாணியில் பெரும் முதலீட்டாளர்களிடம் டெலிபோனில் தைரியம் சொன்னது வெளியே வந்து, பதவியை விட்டு ஓடினார். ஆள் போனார், ஆணை போகவில்லை! 2024 ஜூன் மாதம் டெக்ஸாஸ் உச்ச நீதிமன்றமும் அந்த ஆணை செல்லும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

காற்றாடி மேல் பழி

பழியைப் போட ஓர் ஆள் வேண்டாமா? கவர்னர் டெலிவிஷனில் தோன்றி, காற்றாலைகளாலும் சூரிய மின்சாரத்தாலும்தான் கேடு வந்தது என்றார். காற்றாலைகளும் உறைந்தன, மறைக்கவில்லை. ஆனால் மத்திய சர்க்காரின் விசாரணை என்ன சொன்னது? நின்றுபோன 1,045 மின் உற்பத்தி யூனிட்டுகளில் ஆகப் பெரும் பகுதி, நூற்றுக்கு 58, எரிவாயுவில் ஓடுகிறவை. மின்வெட்டு வந்தபோது எரிவாயுக் கம்பெனிகளின் பம்புகளுக்கே கரண்ட் போயிற்று. ஏனென்றால், “எங்களை அணைக்கக் கூடாது” என்று ஒரு பாரம் எழுதிக் கொடுக்கக்கூட அவற்றில் பல கம்பெனிகள் மெனக்கெடவில்லை. வாயு இல்லாமல் மின்சாரம் இல்லை, மின்சாரம் இல்லாமல் வாயு இல்லை!

அந்த வாரம் எரிவாயு விற்ற கம்பெனிகளைப் பாருங்கள். எனர்ஜி டிரான்ஸ்ஃபர் என்ற குழாய்க் கம்பெனி புயலால் மட்டும் ஏறத்தாழ 240 கோடி டாலர் லாபம் பார்த்தது. இன்னொரு கம்பெனியின் பணக் கணக்கு அதிகாரி, இந்த வாரம் எங்களுக்கு ஜாக்பாட் அடித்த மாதிரி என்று, பிணங்கள் புதைபடுமுன் பங்குதாரர்களிடம் குதூகலித்தார். குதிரைப் பந்தயத்தில் ஓடியவை குதிரைகள் அல்ல, மனித உயிர்கள்!

கொலராடோ சிட்டி என்ற சிற்றூரின் மேயர், உதவி கேட்ட ஜனங்களுக்கு ஊரோ மாநிலமோ எதுவும் கடன்பட்டதில்லை என்றும், வலுத்தவன் பிழைப்பான், இளைத்தவன் அழிவான் என்றும் எழுதினார். ஜனங்கள் காறித் துப்பவே ராஜினாமா செய்தார். அவர் மேல் நமக்கு அவ்வளவு கோபமில்லை. மற்றவர்கள் மனத்தில் வைத்திருந்ததை அவர் வாயால் சொன்னார், அவ்வளவுதான்.

பில்லை யார் கட்டுவது?

பகற்கொள்ளையின் பில் யார் தலையில் விழுந்தது? சந்தை விலைக்கே மின்சாரம் வாங்கும் திட்டத்தில் சேர்ந்த வீடுகளுக்கு ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்தது. கிராமப்புற ஜனங்களின் சங்கங்கள் சேர்ந்து 1941இல் அமைத்த பிராஸோஸ் மின்சாரக் கூட்டுறவுக்கு வந்த பில் 210 கோடி டாலர். முந்தைய வருஷம் பூராவும் மின்சாரத்துக்கு அது செலவழித்ததில் இரண்டு மடங்குக்கு மேல்! எண்பது வருஷம் நின்ற கூட்டுறவு 2021 மார்ச் 1 அன்று திவால் மனுப் போட்டது.

எரிவாயுக் கடனுக்கு வேறு வழி கண்டார்கள். சட்டசபை சட்டம் செய்தது; 2023இல் சுமார் 350 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் விற்று, வாயு விற்றவர்களின் கணக்கைத் தீர்த்தார்கள். அந்தக் கடனை மாதாமாதம் எரிவாயு பில்லோடு சேர்த்து ஜனங்கள் வருஷக்கணக்கில் அடைக்க வேண்டும். அன்று குளிரில் நடுங்கியவன் இன்று அந்தக் குளிருக்குத் தவணை கட்டுகிறான்!

சீர்திருத்தமே வரவில்லையா என்று கேட்கலாம். வந்தது. 2021 ஜூனில், மின் நிலையங்களைக் குளிருக்குத் தயார் செய்யக் கட்டாயச் சட்டம் வந்தது. 246 உயிர் போன பிறகு, 1989இலேயே செய்திருக்க வேண்டியது! எரிவாயுக் கம்பெனிகளுக்கோ முதலில் எழுதிய விதியில் ஒரு சந்து வைத்தார்கள்: 150 டாலர் கட்டி விண்ணப்பித்தால் விலகிக்கொள்ளலாம்! ஊர் சிரித்த பிறகுதான் அந்தச் சந்தை அடைத்தார்கள்.

நமக்கு என்ன?

எங்கோ அமெரிக்காவில் பனி பெய்தால் நமக்கு என்ன என்று இருந்துவிட முடியாது. நம் நாட்டிலும் 2003ஆம் வருஷத்து மின்சாரச் சட்டம் மின்சாரத்தைச் சந்தைச் சரக்காக்கியது. 2008 முதல் மின்சாரத்துக்கு ஏலச் சந்தை நடக்கிறது. 2022 மார்ச் மாதம் வெயில் ஏறியதும் அந்தச் சந்தையில் யூனிட் விலை 20 ரூபாயைத் தொட்டது. 12 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று ஏப்ரலில் ஒழுங்குமுறைக் கமிஷனே தடை போட வேண்டி வந்தது. அங்கே குளிர், இங்கே வெயில். சந்தையின் நாக்கு ஒன்றுதான்.

டெக்ஸாஸ் சர்க்காருக்கு அதிகாரம் இல்லாமல் இல்லை. லட்சக்கணக்கான வீடுகளை ஒரே இரவில் அணைக்க அதிகாரம் இருந்தது. விலையைப் பல மடங்கு உயர்த்த அதிகாரம் இருந்தது. பில்லை ஜனங்கள் தலையில் கட்ட அதிகாரம் இருந்தது. பத்து வருஷம் முன்னால் “குழாய்க்கு உறை போடு” என்று முதலாளிக்கு உத்தரவு போடவும், “இந்த வாரம் விலை ஏற்றாதே” என்று அவன் கையைப் பிடிக்கவும் மட்டும் அதிகாரம் வரவில்லை!

ஆகவே, “அவசர நடவடிக்கை” என்று எந்தச் சர்க்கார் சொன்னாலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த ஆணை யார் கையைக் கட்டுகிறது? உழைப்பவன் கையை மட்டும் கட்டி, உடைமைக்காரன் கையை அவிழ்த்து விடுமானால், அது மக்களைக் காக்கும் ஆணை அல்ல. லாபத்தைக் காக்கும் ஆணை.

மில்லில் தறி ஓட்டுவதும், வயலில் பம்பு செட் ஓட்டுவதும், குழந்தை படிக்கும் விளக்கும் ஒரே கம்பியில்தான் வருகின்றன. நடுக்கும் பனியிலும் கொட்டும் மழையிலும் கம்பத்தில் ஏறுகிறவன் தொழிலாளி. அந்தக் கம்பி அவனுக்கும் நமக்கும் சொந்தமாக இருக்க வேண்டுமே தவிர, ஏலம் கூறுகிறவனுக்கு அல்ல!