மது வாடையும் ரத்த மாதிரியும்

சாலை விபத்தில் சிக்கிய ஓட்டுநர் குடித்திருந்தாரா என்பதற்கு இந்தியச் சட்டம் வைத்திருக்கும் அளவு, 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு முன்பு மூச்சுப் பரிசோதனைக் கருவியை மட்டுமே குறிப்பிட்டது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஆய்வகப் பரிசோதனையையும் சேர்த்தது. மயங்கிக் கிடப்பவரை ஊதச் சொல்ல முடியாது. ஆகவே பலத்த காயத்தோடு வரும் ஓட்டுநரைப் பொறுத்தவரை, சட்டத்தின் கண்ணாக இருக்க வேண்டியது அவசர சிகிச்சைப் பிரிவுதான்.

அந்தப் பொறுப்பு இன்னமும் பல இடங்களில் விபத்துப் பதிவேட்டின் ‘மது வாடை உள்ளது’ என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடுகிறது. அந்த வரி நீதிமன்றத்தில் நிற்காது. மூச்சில் வாடை, தள்ளாட்டம், குழறிய பேச்சு, விரிந்த கண்மணி எல்லாம் பதிவாகியிருந்தும், ரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கப்படாத நிலையில் அவை போதுமான சான்றல்ல என்று பச்சுபாய் ஹசனல்லி கர்யானி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1971இலேயே சொல்லிவிட்டது. நோயாளிக்கோ அந்த வரி ஆபத்து. வாடை தெரிந்ததுமே மயக்கத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டதாக மனம் அமைதியடைகிறது. மண்டைக்குள் கசியும் ரத்தமும், இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வண்டி எடுத்தவரின் சர்க்கரைத் தாழ்வும் அப்போதுதான் தவறிப்போகின்றன. குடித்தவர் என்று தெரிந்தாலும் சர்க்கரை அளவும் தலை ஸ்கேனும் பார்த்தாக வேண்டும்.

மாதிரி எடுப்பதில் பெரும் எதிரி நேரம். 100 மில்லிலிட்டர் ரத்தத்திலிருந்து மணிக்குச் சுமார் 15 முதல் 20 மில்லிகிராம் ஆல்கஹால் கழிந்துகொண்டே இருக்கிறது. இரவு 11 மணிக்கு 80 மில்லிகிராமோடு மோதியவருக்கு அதிகாலை 3 மணிக்கு 20க்கு மேல் இருக்காது. சட்டப்படி அவர் குடிக்காதவர். தாலுகா மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி என்று கைமாறும் நோயாளிக்கு நான்கு மணி நேரம் எளிதில் ஓடிவிடும். ஆகவே போலீஸின் வேண்டுகோளைப் பெற்று மாதிரி எடுக்க வேண்டியது நோயாளி முதலில் வந்துசேரும் மருத்துவமனை. சிகிச்சைக்குக் கேடு வரும் என்றால் மறுக்கும் உரிமையை மோட்டார் வாகனச் சட்டத்தின் 204ஆம் பிரிவு மருத்துவருக்குத் தருகிறது. உயிர் காப்பது முதலில் என்பதில் சட்டத்துக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

எடுக்கும் முறையில் பிழைகள் சிறியவை, விளைவு பெரிது. ஊசி குத்தும் இடத்தை ஸ்பிரிட் கொண்டு துடைத்தால் முடிவையே சந்தேகிக்க இடம் தந்ததாகும். ஆல்கஹால் கலக்காத கிருமிநாசினி போதும். டிரிப் ஏறாத கையிலிருந்து எடுத்து, சோடியம் ஃபுளோரைடு உள்ள குழாயில் நிரப்பி, இறுக மூடி, முத்திரையிட்டு, எடுத்த நேரத்தை நிமிடத்தோடு எழுத வேண்டும். மருத்துவமனை ஆய்வகம் பெரும்பாலும் சீரத்தில் அளக்கிறது. சீரத்தில் கிடைக்கும் எண் முழு ரத்தத்தில் உள்ளதைவிடக் கூடுதலாகவே வரும். சட்டம் சொல்வது ரத்தத்தின் அளவை என்பதால், சீரத்தில் அளந்தது என்றால் அறிக்கையில் அதைக் குறிப்பிடாமல் விடக் கூடாது.

மருந்து மயக்கத்தை மூச்சுக் கருவி காட்டாது. குளோர்பெனிரமின், டயசிபாம், அல்பிரசோலம், டிரமடால் முதலியவை குடித்தவர் போலவே ஓட்டுநரைத் தடுமாறச் செய்யும். மதுவும் சேர்ந்தால் இன்னும் மோசம். இவற்றில் பலவும் மருத்துவர் எழுதிக்கொடுத்தவையே என்பதை எண்ணும்போது வெட்கப்படாமல் இருக்க முடியாது. சளிக்கு மாத்திரை எழுதும் முன் நோயாளி லாரி ஓட்டுபவரா என்று கேட்க அரை நிமிடம் ஆகாது. கஞ்சாவில் சிக்கல் வேறு: தொடர்ந்து புகைப்பவரின் சிறுநீரில் அதன் தடயம் வாரக்கணக்கில் தங்கும். அதை மட்டும் வைத்து, ஓட்டிய நேரத்தில் போதையில் இருந்தார் என்று சான்று எழுதுவது தவறு.

வழக்குக்கான வேலை முடிந்த பிறகு தடுப்புக்கான வேலை பாக்கி இருக்கிறது. சியாட்டில் நகரக் காயச் சிகிச்சை மையத்தில் நடந்து 1999இல் வெளியான ஆய்வில், குடிப்பழக்கம் பற்றி ஒரே ஒருமுறை, சுமார் அரை மணி நேரம், குற்றம் சுமத்தாமல் பேசப்பட்ட நோயாளிகளிடையே மீண்டும் காயத்தோடு வருவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. குடிப்பழக்கத்தை அறிவதற்கான உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆடிட் வினாப்பட்டியலில் இருப்பவை பத்தே கேள்விகள். பயிற்சி பெற்ற செவிலியரே கேட்டுவிடலாம். எலும்பு முறிவோடு வார்டில் படுத்திருக்கும் நாட்களே அதற்கு ஏற்ற நேரம். மதிப்பெண் அதிகம் வருபவரை மனநலப் பிரிவுக்கு அனுப்பும் சீட்டு, டிஸ்சார்ஜ் அட்டையோடு சேர்ந்தே போக வேண்டும்.