'மே' என்றால் என்ன?

ஆங்கிலம் கற்கும் நம் மாணவர் நீண்ட சொற்களுக்கே அஞ்சுகின்றனர். அவற்றை அகராதியிற் பார்த்து மனனஞ் செய்துவிடலாம். 'தி', 'ஆன்', 'மே', 'ஓல்சோ' என்னும் சின்னஞ்சிறு சொற்களையோ எவரும் அகராதியில் தேடுவதில்லை. தெரிந்த சொற்கள்தாமே என்று கடந்து போகின்றோம். நம்மை ஏமாற்றியவை அச்சொற்களே.

'மே' என்பதற்கு 'லாம்' என்று பள்ளிக்கூடத்திற் பொருள் சொல்லித் தருகின்றனர். 'உள்ளே வரலாமா?' என்று கேட்கும் பிள்ளைக்கு அது போதும். 1958ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கத் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டமும், வடகீழ் மாகாணங்களிலே விதிக்கப்படும் நிருவாகக் கருமங்களுக்குத் தமிழைப் பயன்படுத்தலாம் என்றே கூறிற்று. 'ஷல்' என்றிருந்தால் அது கட்டளை; 'மே' என்றதனால் வெறும் அனுமதி. (சில வேளைகளில் நீதிமன்றம் 'மே' என்பதையும் கட்டளையாகக் கொள்வதுண்டு. அது சட்டத்தரணிகளின் பாடு.) அக்கருமங்கள் எவையென விதிக்கும் ஒழுங்கு விதிகள் பாராளுமன்றத்தில் நிறைவேறியது 1966 ஜனவரியிலேதான். ஏழாண்டுக்கு மேற் சென்றது! அவ்வளவு காலமும் அச்சட்டத்தை எவரும் மீறினாரென்று சொல்ல முடியாது. செய்யலாம் என்றதைச் செய்யாது விடுவது குற்றமாகாதன்றோ?

1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் வந்தது. தமிழுக்கு 'ஷல்' கிடைத்தது, மகிழ்ந்தோம். ஆயினும் பதினெட்டாம் உறுப்புரையின் ஆங்கில வாசகத்தை நிதானமாகப் படியுங்கள். சிங்களத்துக்கு முன்னிருந்த 'தி' அப்படியே நிற்கின்றது. தமிழுக்கு 'ஆன்' என்பதும், கூடவே 'ஓல்சோ' என்பதும் தரப்பட்டுள்ளன. 'இவர்தாம் இவ்வீட்டின் உரிமைக்காரர். அவரும் ஓர் உரிமைக்காரர்' என்று அறிமுகஞ் செய்தால், வந்த விருந்தினர் யாரை முதலிற் கும்பிடுவார்?

தமிழிலே 'தி' என்பதற்கு நேரான சொல் இல்லை. ஆனால் 'உம்' உண்டு. உம்மைக்கு எட்டுப் பொருள் வகுத்தது நன்னூல். 'சிங்களமும் தமிழும்' என்றால் அது எண்ணும்மை. இரண்டும் ஒரே வரிசையில் நிற்கும். 'தமிழும்' என்று தனித்து நின்றால் அது எச்சவும்மை. முன்னே சென்ற ஒன்றன் பின்னால் வருவது. இலக்கணம் படித்த நாம் இதனைக் கண்டுகொள்ளாதது வியப்பே.

சமமாக எழுதும் வகை சட்டம் வரைவோருக்குத் தெரியாதென்பதற்கில்லை. 1988இன் பதினாறாந் திருத்தம் இரு மொழிகளையும் 'அன்ட்' என்னுஞ் சொல்லாற் பிணைத்து, இலங்கை முழுவதற்கும் நிருவாக மொழிகள் என்றது. அங்கே 'ஷல்' உண்டு, 'தி' உண்டு; 'ஓல்சோ' இல்லை. அவ்வாறிருந்தும் தமிழில் எழுதிய கடிதத்துக்குச் சிங்களத்தில் மறுமொழி பெறுவோர் இன்றும் உளர். அவர்கள் கந்தோருக்கு எடுத்துச் செல்ல வேண்டியது அந்த 'ஷல்' என்னுஞ் சொல்லையே.

நம் ஆங்கில ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கின்றோம். பதினெட்டாம் உறுப்புரையின் முதல் மூன்று வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதி, 'தி' எங்கே, 'ஆன்' எங்கே என்று மாணவரைக் கேளுங்கள். ஐந்து நிமிடம் போதும்.