பாதி சீசனில் கணக்கை முடிக்கலாமா?

விளையாட்டுப் பக்கத்தைப் பிரித்ததும் கால்பந்தாட்ட ரசிகரின் கண் முதலில் போகும் இடம் புள்ளிப் பட்டியல். மேலிருந்து கீழே விரலால் எண்ணிக்கொண்டு வருகிறார். தம் அணியின் பெயர் எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று பார்க்கிறார். மேலே இருந்தால் இன்னொரு டீ. கீழே இருந்தால் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்.

திருப்பதியிலும் சித்தூரிலும் பிழைப்புக்காக வந்து தங்கியிருக்கும் தமிழர்களிடையே கிரிக்கெட்டுக்கு இருக்கும் கூட்டம் கால்பந்தாட்டத்துக்கு இல்லைதான். ஆனால் இருக்கிறவர்கள் பிடிவாதக்காரர்கள். சென்னையின் எஃப்.சி. தோற்ற மறுநாள் ஆபீசில் தங்களுக்கு என்ன காத்திருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். "என்ன சார், உங்க மெட்ராஸ் டீம் இந்த வருஷமும் கடைசிதானா?" என்று பக்கத்து மேஜைக்காரர் கேட்பார். ஆலையிலும் பட்டறையிலும் இதே கேள்வி இன்னும் கொஞ்சம் உரத்த குரலில் வரும். கேள்வி கேட்பவரைக் குறை சொல்வதற்கில்லை. அவரும் பட்டியலைத்தான் பார்த்திருக்கிறார். அந்தப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு, சீசன் பாதி கூட முடியாத நிலையில், ஓர் அணியின் கணக்கை முடித்துவிடலாமா என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

முடிக்கக் கூடாது என்பதற்கு 2019-20 சீசனைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அதற்கு முந்திய கதையையும் சொல்லியாக வேண்டும். 2018 மார்ச் 17 அன்று பெங்களூரில், பெங்களூர் அணியையே 3-2 என்று வென்று சென்னை இரண்டாம் முறையாக இந்தியன் சூப்பர் லீக் கோப்பையைக் கைப்பற்றியது. அடுத்த சீசனில் அதே சாம்பியன் அணி 18 ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே வென்று, 9 புள்ளிகளோடு கடைசி இடத்தில் போய் விழுந்தது. அந்தக் காயம் ஆறுவதற்குள் 2019 அக்டோபரில் புது சீசன் தொடங்கியது. முதல் ஆட்டத்தில் கோவாவிடம் 0-3. மும்பையுடன் 0-0. கொல்கத்தாவின் ஏ.டி.கே.யிடம் 0-1. பெங்களூரிடம் 0-3. நான்கு ஆட்டங்கள் ஆடியும் ஒரு கோல் கூட விழவில்லை.

நவம்பர் 25 அன்று ஹைதராபாத்தை எதிர்த்து ஆடியபோதும் 90 நிமிடங்கள் வரை கோல் இல்லை. கூடுதலாகத் தரப்பட்ட நேரத்தில் மூன்று கோல்கள் விழுந்து, அவற்றில் இரண்டு சென்னைக்கு வாய்த்ததால் முதல் வெற்றி கிடைத்தது. அடுத்து ஒடிசாவுடன் 2-2 என டிரா. அந்த மாத இறுதியில், 2018-ல் கோப்பை வாங்கித் தந்த அதே பயிற்சியாளர் ஜான் கிரகரி விலகினார். டிசம்பர் தொடக்கத்தில் ஓவன் காயில் பொறுப்பேற்றார். ஸ்காட்லாந்தில் பிறந்தவர், இங்கிலாந்தில் பர்ன்லி, போல்டன் அணிகளைப் பயிற்றுவித்தவர்.

புதிய பயிற்சியாளர் வந்த மறுநாளே அதிசயம் நடந்துவிடவில்லை. ஜாம்ஷெட்பூருடன் 1-1. கேரளாவை 3-1 என்று வென்றார்கள். கோவாவிடம் 3-4 என்று தோற்றார்கள். சரிபாதியான 9 ஆட்டங்கள் முடிந்தபோது கையில் இருந்தவை 9 புள்ளிகள். 2020 ஜனவரி 6 அன்று ஒடிசாவிடம் மறுபடி 0-2 என்று தோற்றபோது 10 ஆட்டங்களுக்கும் அதே 9 புள்ளிகள்தான். முந்திய சீசன் முழுவதற்கும் கிடைத்ததும் இதே எண். பட்டியலை மட்டும் பார்த்தவர் "இந்த வருஷமும் அவ்வளவுதான்" என்று சொன்னதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் பட்டியலை விட்டுவிட்டு ஆட்டத்தைப் பார்த்தவருக்கு வேறொன்று தெரிந்திருக்கும். முதல் நான்கு ஆட்டங்களில் கோல் பூஜ்யம். அடுத்த ஐந்து ஆட்டங்களில் 11 கோல்கள். அந்த ஐந்தில் இரண்டில்தான் வெற்றி என்றாலும், கோல் வலைக்கு வழி தெரியாமல் நின்ற அணி வழியைக் கண்டுபிடித்துவிட்டது. கோவாவிடம் தோற்ற ஆட்டத்தில்கூட மூன்று கோல் அடித்திருந்தது. புள்ளி வரவில்லை, ஆனால் ஆட்டம் வந்துவிட்டது. புள்ளி பிறகு வரும் என்று நம்புவதற்கு அந்த டிசம்பரிலேயே காரணம் இருந்தது.

வரவும் வந்தது. மீதி இருந்த எட்டு ஆட்டங்களில் ஆறு வெற்றி, இரண்டு டிரா, தோல்வியே இல்லை. ஜாம்ஷெட்பூரை 4-1, கொல்கத்தாவுக்கே போய் ஏ.டி.கே.யை 3-1, கொச்சியில் கேரளாவை 6-3. முதல் பத்து ஆட்டங்களில் 11 கோல் அடித்து 18 வாங்கியிருந்த அணி, கடைசி எட்டில் 21 அடித்து 8 மட்டுமே வாங்கியது. 9 புள்ளிகள் 29 ஆகி, நான்காம் இடம் பிடித்து, அரையிறுதியில் கோவாவை இரு ஆட்டங்களின் கூட்டுக் கணக்கில் 6-5 என்று வீழ்த்தி, இறுதிப் போட்டிக்கே போய்விட்டது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஜெயித்துக் கொடுத்தவர்கள் புதிதாக வந்து இறங்கியவர்கள் அல்லர். லிதுவேனியாவின் வால்ஸ்கிஸ், பிரேசிலின் கிரிவெல்லாரோ, மால்ட்டாவின் செம்ப்ரி, நடுக்களத்தில் நம் ஊர்ப் பையன் எட்வின் சிட்னி வான்ஸ்பால் ஆகியோர் தோற்ற நாளிலும் அந்த அணியில் இருந்தவர்களே. மாறியது அவர்களை நிறுத்திய இடமும், அவர்களுக்குக் கிடைத்த நம்பிக்கையும். மேஸ்திரி மாறினால் அதே கைகள் வேறு மாதிரி வேலை செய்வதைப் பட்டறைத் தொழிலாளிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் கீழே கிடக்கும் ஒவ்வோர் அணியும் எழுந்துவிடும் என்று சொல்லலாமா? சொல்லக் கூடாது. 2018-19 அணி எழவே இல்லை. பொறுமை என்றால் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பது என்று பொருள் இல்லை. தோற்றாலும் கோல் வாய்ப்புகள் உருவாகின்றனவா, பின்னால் ஓட்டை அடைபடுகிறதா, கடைசிப் பத்து நிமிடங்களில் கால் ஓய்கிறதா ஓடுகிறதா என்பதைப் பார்ப்பவர்தான் ரசிகர். இடத்தை மட்டும் பார்ப்பவர் வேடிக்கை பார்ப்பவர்.

சென்னையிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தள்ளி இருப்பவர்களுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். ஆந்திரத்துக்குக் கால்பந்தாட்டம் புதிதன்று. 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வென்றது ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி. அதை உருவாக்கிய சையத் அப்துல் ரஹீம்தான் 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த பயிற்சியாளர். ஆனால் 2014-ல் மாநிலம் பிரிந்தபோது அந்தப் பெருமை தெலங்கானாவோடு போய்விட்டது. 2019-ல் தோன்றி, 2021-22 சீசனில் கோப்பையே வென்ற ஹைதராபாத் எஃப்.சி.யும் 2025-ல் டெல்லிக்கு இடம்பெயர்ந்துவிட்டது. திருப்பதி, சித்தூர்ப் பகுதிக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் பெரிய அணி சென்னைதான். பாஷையும் சொந்தம், பாதையும் பக்கம்.

பாதை பக்கம் என்றாலும் பயணம் சுலபமில்லை. திருப்பதியில் ரயில் ஏறினால் சென்னை சென்ட்ரலில் இறங்கி நேரு ஸ்டேடியத்துக்கு நடந்தே போய்விடலாம். போவது பிரச்சினை இல்லை, திரும்புவதுதான் பிரச்சினை. இரவு ஏழரை மணிக்குத் தொடங்கும் ஆட்டம் முடிந்து வெளியே வர ஒன்பதரை ஆகிவிடும். அதற்கு மேல் பஸ் பிடித்து, நடு இரவுக்குப் பின் வந்து சேர்ந்து, காலை ஷிப்டுக்கு நிற்க வேண்டும். ஒரு நாள் கூலியையோ ஒரு நாள் லீவையோ கொடுத்துத்தான் ஓர் ஆட்டத்தைப் பார்க்க முடிகிறது. அப்படிப் பார்க்கப் போகும் ஆட்டம், அணி கீழே கிடக்கும் நாளில் நடப்பதாக இருந்தால் எத்தனை பேர் கிளம்புவார்கள்? சீசன் பாதியில் ஸ்டேடியம் காலியாவது இப்படித்தான்.

காலி இருக்கைகள் வெறும் வருத்தத்தோடு முடிவதில்லை. கோயம்புத்தூரைச் சொந்தக் களமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி. 2018-19 சீசனில் ஐ-லீக் சாம்பியன் ஆயிற்று. 2020-21-க்குப் பிறகு அந்த லீகில் அதன் பெயரே இல்லை. 2025 ஆகஸ்டில், அடுத்த சீசன் நடக்குமா நடக்காதா என்ற குழப்பத்தில், சென்னையின் எஃப்.சி.யே தன் செயல்பாடுகளை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. எந்த இடத்தில் இருக்கிறோம் என்று கவலைப்பட்ட ரசிகர்கள், இருக்கிறோமா இல்லையா என்று கவலைப்பட வேண்டி வந்த நாட்கள் அவை. அந்தக் குழப்பத்துக்குக் காரணம் ரசிகர்கள் அல்லர். லீகை நடத்தும் உரிமை பற்றிய ஒப்பந்தத் தகராறுதான். ஆனாலும் ஒரு கிளப் என்பது கோப்பைகளால் மட்டும் நிலைப்பதில்லை என்பதை அது எல்லோருக்கும் புரியவைத்தது.

ஆகவே பொறுப்பு இரண்டு பக்கமும் உண்டு. வெளியூர் ரசிகன் வந்து திரும்பும்படி சனி, ஞாயிறுகளில் சில ஆட்டங்களையாவது மாலையிலேயே தொடங்க லீக் நடத்துவோர் முன்வர வேண்டும். எல்லைக்கு அப்பால் இருந்து கூட்டாக வருகிறவர்களுக்கு டிக்கெட்டில் ஒரு சலுகை தரலாம். கிளப்பின் இளையோர் தேர்வு ஒன்றைத் திருப்பதியிலோ சித்தூரிலோ நடத்தினால் இங்கே இருக்கும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு வாசல் திறக்கும். இவை பெரும் பணம் பிடிக்கிற காரியங்கள் அல்ல. ரசிகர்கள் தங்கள் பங்குக்குச் செய்ய வேண்டியது ஒன்றே: ஜனவரியில் அணியைக் கைகழுவிவிட்டு மார்ச்சில் உரிமை கொண்டாடாமல் இருப்பது.

2020 மார்ச் 14 அன்று கோவாவின் ஃபட்டோர்டா ஸ்டேடியத்தில் அந்த இறுதிப் போட்டி நடந்தது. கொரோனா பயத்தால் ஒரு பார்வையாளரைக் கூட உள்ளே விடவில்லை. சென்னை 1-3 என்று ஏ.டி.கே.யிடம் தோற்றது. அன்று சென்னையில் இருந்தவரும் டி.வி.யில்தான் பார்த்தார், திருப்பதி லாட்ஜ் அறையிலும் சித்தூர் வாடகை வீட்டிலும் இருந்தவர்களும் டி.வி.யில்தான் பார்த்தார்கள். அன்று ஒரு நாள் எல்லோருமே வெளியூர் ரசிகர்கள். கோப்பை கிடைக்கவில்லை. ஆனால் பத்து ஆட்டங்களுக்கு 9 புள்ளிகள் என்று நின்ற நாளிலும் கூடவே இருந்தவருக்கு, அந்தத் தோல்வியில் தலைகுனிய ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த முறை பக்கத்து மேஜைக்காரர் "எத்தனையாவது இடம்?" என்று கேட்டால், இடத்தைச் சொல்லிவிட்டு, அணி எப்படி ஆடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். பாதிக் கணக்குக்கு அதுதான் நேர்மையான பதில்.